உள்ளங்கையில் எழுதிய மார்பளவு

பிரெஞ்சு ஆட்சியின் ஊர் நிர்வாகமான பாகூர் கொம்யூன் அலுவலகத்தில் பல ஆண்டுகளாக எழுத்தராக இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், நாடகத்தில் பேர் வாங்கியிருக்கும் என் மகன் முதலில் பட்டாளத்துக்குப் போன கதையைக் கேட்கிறார்கள். அதில் என் பிழையும் உண்டு. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அவன் சேர்ந்த அன்று எங்கள் அலுவலகத்திலேயே, கப்பலில் சைகோனுக்கு அனுப்பச் சிப்பாய்கள் எடுத்தார்கள். முறை இதுதான். உள்ளறையில் கம்பவுண்டர் நாடாவால் மார்பை அளப்பார். அளவை நீலப் பென்சிலால் ஆளின் உள்ளங்கையில் எழுதி அனுப்புவார். வெளியே நான் அந்தக் கையைப் பார்த்துப் படிவத்தில் எழுத வேண்டும். பிரெஞ்சு டாக்டர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார்.

பதினோராவது ஆளாக என் மகன் வந்தான். எங்களுக்கு ஒரே பிள்ளை. மூன்று வருட ஒப்பந்தம். "நாலு ஊரு பாக்கணும்பா. தடுக்காத" என்று முந்தின நாளே சொல்லியிருந்தான். அவன் தாய் அடுப்பே மூட்டவில்லை.

கையை விரித்தான். எண்பத்திரண்டு சென்டிமீட்டர். நான் எழுபத்திரண்டு என்று எழுதினேன். அந்த அளவென்றால் ஆளைத் தள்ளிவிடுவார்கள். அவன் படிவத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

டாக்டர் படிவத்தையும் அவன் மார்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கம்பவுண்டரைக் கூப்பிட்டார்.

"இன்னா முசே, நான் எயுதி அனுப்பனது எம்பத்திரெண்டாச்சே?" என்று கம்பவுண்டர் என்னைக் கேட்டார்.

வேலை போவதோடு நிற்காது, பொய்ப் படிவத்துக்குச் சிறையும் உண்டு. மகனின் கை முதுகுக்குப் பின்னால் போவதை நான் மட்டும் பார்த்தேன். வேட்டியில் அழுத்தித் தேய்த்தான்.

"அவுரு மேல தப்பில்லீங்க. கை வேர்த்து அயிஞ்சி பூட்ச்சி. நாந்தான் வாயால கொறச்சி சொன்னேன். பயமா இருந்துச்சி" என்றான். முழங்கால்கள் உதறின, உதடு கோணியது. விரித்த கையில் வெறும் நீலக் கறை.

வரிசையில் சிரிப்பு எழுந்தது. "கப்பலப் பாக்கறதுக்கு முன்னாடியே வேட்டிய நனைச்சிடுவான் போலக்குதுடா."

கம்பவுண்டர் பிரெஞ்சில் சொன்னதும் டாக்டரும் சிரித்துவிட்டார். மறுபடி அளக்கச் செய்து, சரியான எண்ணைத் தானே எழுதிக் கையெழுத்திட்டார். உதறிய கால்கள் வாசலைத் தாண்டியதும் நேராக நடந்தன. ஊரார் முன்னால் கோழை என்று பேர் வாங்கிக்கொண்டு என்னைக் காப்பாற்றிவிட்டுப் போனான்.

சைகோனில் மூன்று வருடம் காவல் நின்று, அதிகாரியின் நற்சான்றோடு திரும்பினான். பிறகுதான் நாடகம். இன்று வில்லியனூர் கொட்டகைக்கு அவனுடைய பயந்த சிப்பாய் வேஷத்தைப் பார்க்கவே வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். அவன் முழங்கால் உதறியதும் கொட்டகை முழுக்கச் சிரிக்கிறது. எனக்கு மட்டும் உள்ளங்கை வேர்க்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம், "எம் புள்ள" என்று சொல்லிக்கொள்கிறேன்.

அன்று முதல் எந்த எண்ணை எழுதினாலும், எதிரே நிற்பவருக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், எதிரே நிற்பது உங்கள் பிள்ளையாக இருந்தாலும்.