டெலெஸ்ஃபோர் நாலாம் வகுப்பு படித்த வருஷம்

ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த டெலெஸ்ஃபோர் பிஸா, தன் நாற்பத்தாறாவது வயதில் நாலாம் வகுப்பில் சேர்ந்தார். முதியோர் கல்வியெல்லாம் இல்லை. எட்டு வயசுப் பிள்ளைகள் உட்காரும் அசல் நாலாம் வகுப்பு. போலந்துக்காரர்களின் மன்றத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் தாய்மொழிப் பள்ளி அது.

டிப்போவில் அவருக்கு டெர்ரி என்று பெயர். டெலெஸ்ஃபோர் என்று சொல்ல ஆஸ்திரேலிய நாக்கு வளையாது. குடும்பப் பெயரைச் சொல்லிப் பார்க்கலாம் என்றால், பிஸா அவர்கள் காதில் பீட்சா என்று விழும்; "சீஸ் கொஞ்சம் தூக்கலா போடுப்பா" என்று எவனாவது ஒருவன் கட்டாயம் சொல்வான். இருபது வருஷமாக இதே நகைச்சுவை. இருபது வருஷமாக அவரும் சிரித்து வைத்தார்.

போர் முடிந்த பிறகு ஜெர்மனியில் ஒரு அகதி முகாமில் பிறந்தவர். இரண்டு வயதில் கப்பலேறி இங்கே வந்தார். சிறுவயதில் அவருடைய அம்மா சனிக்கிழமைதோறும் அவரைப் பள்ளியின் முன்வாசலில் கொண்டுவந்து விடுவார். அவர் நேரே கழிப்பறைக்குப் போய், ஜன்னல் வழியாக இறங்கி, பின்னாலிருந்த மைதானத்தில் கால்பந்து ஆடுவார். ஆறு வருஷம் இப்படியே போயிற்று. அதனால் இரண்டாம் வகுப்பைத் தாண்டவே இல்லை. அவருக்குத் தெரிந்த போலிஷ் எல்லாம் அம்மா அடுப்படியிலிருந்து கத்தியதுதான். சாப்பிடு, ஆறுது பார், கதவைச் சாத்து, இதை உடைச்சது யாரு. இந்த நான்கு விஷயங்களைப் பற்றி அவர் மணிக்கணக்கில் சரளமாகப் பேசுவார்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மன்றத்தின் வருடாந்திரக் கூட்டம் நடந்தது. பழைய தலைவர் முதுகுவலி என்று விலகிவிட்டார். புதிய தலைவராக யாரைக் கேட்டாலும் ஒரு காரணம் சொன்னார்கள். ஒருவருக்குக் கண்புரை, ஒருவருக்கு மாமியார். பேச்சு இழுத்துக்கொண்டே போனபோது டெலெஸ்ஃபோரின் மனைவி ஒட்டிலியா அவர் விலாவில் இடித்தாள்.

"டெலெக், பின்னாடி போய் சாஸேஜ் கருகுதான்னு பாரு."

போய்ப் பார்த்தார். கருகிக்கொண்டுதான் இருந்தது. ஒன்றொன்றாகத் திருப்பிப் போட்டுவிட்டு இடுக்கியும் கையுமாக உள்ளே வந்தபோது, எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"என்ன, யாருக்குப் பிறந்தநாள்?" என்றார்.

"உனக்குத்தான்டா, தலைவரே!" என்றான் ரைமுண்ட். மன்றத்தின் பீர் கவுண்டரைப் பார்த்துக்கொள்பவன். டெலெஸ்ஃபோரோடு சேர்ந்து அதே கழிப்பறை ஜன்னல் வழியாக இறங்கியவன்.

"நானா? நான் சாஸேஜ் திருப்பத்தானே போனேன்!"

"அதனாலதான். இங்க இல்லாதது நீ ஒருத்தன்தான். மறுத்துப் பேச ஆள் இல்ல. ஏகமனசா முடிஞ்சிருச்சு."

அப்போது முன்வரிசையில் வ்ரோனா டீச்சர் எழுந்தார். வெண்ணிறக் கொண்டை, நிமிர்ந்த முதுகு. முப்பது வருஷமாகச் சனிக்கிழமைப் பள்ளியை நடத்துகிறவர். எந்த ஆணை அழைத்தாலும் மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் 'பான்' போட்டுத்தான் அழைப்பார். அந்த மரியாதையைக் கேட்டாலே ஜன்னல் எங்கே என்று கண் தேடும்.

"பான் டெலெஸ்ஃபோர், வாழ்த்துகள். ஆனா மன்றத்தோட பதினோராவது விதி என்ன சொல்லுதுன்னா, தலைவரா இருக்கிறவர் நம்ம பள்ளிக்கூடத்துல நாலாம் வகுப்பாவது தேறியிருக்கணும். நீங்க எந்த வகுப்பு வரைக்கும் படிச்சீங்கன்னு எனக்கு முந்தி இருந்தவங்க பதிவேட்டுல எழுதி வச்சிருக்காங்க. எந்த ஜன்னல்னுகூட எழுதியிருக்கு."

"அப்ப நல்லதாப் போச்சு டீச்சர். வேற ஆளைப் பாருங்க," என்று டெலெஸ்ஃபோர் நிம்மதியாக உட்காரப் போனார்.

ரைமுண்ட் அவர் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனான். "அறிவிருக்காடா உனக்கு? நீ வரலேன்னா அந்தம்மாதான் தலைவர். வந்த மறுநாளே பீர் கவுண்டரை எடுத்துட்டு அங்க நூலகம் வைக்கப்போறாங்களாம். அலமாரிக்கு அளவெடுத்துட்டாங்க. நானே நாடாவைப் பிடிச்சேன், எதுக்குன்னு தெரியாம."

டெலெஸ்ஃபோர் திரும்பிப் பார்த்தார். நாற்பது ஆண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் வாழ்நாளில் இத்தனை பேர் தன்னை நம்பி அவர் பார்த்ததில்லை. பேருந்தில்கூட முன்பின் தெரியாத கிழவிகள் "இது ஸ்டேஷனுக்குத்தானே போகுது?" என்று மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் ஏறுவார்கள்.

"படிக்கிறேன்," என்றார்.

வ்ரோனா டீச்சர் கண்டிப்பானவர், ஆனால் நேர்மையானவர். "நான் மார்க் போட்டா வேணும்னே கவுத்துட்டேன்னு சொல்வீங்க. நவம்பர்ல போலந்துல கிராக்கோவ்லேர்ந்து ஒரு பேராசிரியை நம்ம பள்ளியைப் பார்க்க வராங்க. அவங்களே தேர்வு வைக்கட்டும்," என்று சொல்லிவிட்டார்.

முதல் சனிக்கிழமை டெலெஸ்ஃபோர் உட்கார்ந்த நாற்காலி, அவர் எழுந்தபோது அவரோடு சேர்ந்தே எழுந்தது. பக்கத்திலிருந்த யகோடா என்ற எட்டு வயசுக்காரி அதன் காலைப் பிடித்து இழுத்துக் கழற்றிவிட்டாள். அடுத்த வாரம் அவர் வீட்டிலிருந்து மீன்பிடி முக்காலி ஒன்றைக் கொண்டுவந்தார்.

அவரை விழத்தட்டியது எழுத்துக்கூட்டல். நம்மிடம் ரகரமும் றகரமும் படுத்துகிற பாட்டைப் போல, போலிஷிலும் ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்து உண்டு. அதுவும் ஒன்றல்ல, மூன்று ஜோடி. டெலெஸ்ஃபோர் காசு சுண்டிப் பார்த்து எழுதுவார்.

"மாமா, நீங்க ஏன் எப்பவும் தப்பான எழுத்தையே போடுறீங்க?" என்று யகோடா கேட்டாள்.

"எப்பவும் தப்பில்ல. பாதிக்குப் பாதி."

"இல்ல, நான் எண்ணினேன். எப்பவும்தான்."

நல்லவேளை, பதினோராவது விதியில் 'படிக்கவும் பேசவும்' என்றுதான் இருந்தது. 'எழுதவும்' என்று சேர்க்க அந்தக்கால ஆட்கள் மறந்துவிட்டார்கள். வ்ரோனா டீச்சர் அந்த வரியைக் கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

டெலெஸ்ஃபோர் பேருந்தில் பயிற்சி செய்தார். நிறுத்தம் வரும்போதெல்லாம் வினைச்சொற்களை உரக்கச் சொன்னார். நான் போகிறேன், நீ போகிறாய், அவள் போகிறாள். பயணிகள் முதலில் மிரண்டார்கள். பிறகு பழகிவிட்டது. பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் இறங்கும்போது "நாங்கள் போகிறோம்!" என்று அட்சர சுத்தமான போலிஷில் சொல்லிவிட்டு இறங்க ஆரம்பித்தார்.

நவம்பரில் பேராசிரியை வந்தார். பெயர் அனியெலா ஸ்கூபிஷ். சின்ன உருவம், பெரிய கண்ணாடி, எதைக் கேட்டாலும் உருகும் மனசு. தேர்வை மன்றத்தின் அரங்கில் எல்லார் முன்னிலையிலும் வைத்தார். வாசித்துக்காட்டுவதை டெலெஸ்ஃபோர் வியர்க்க வியர்க்க முடித்தார். அடுத்தது பேச்சு. தலைப்பு, 'என் வாழ்வில் நான் மிகவும் நேசிப்பது'. ஒட்டிலியா இரண்டாவது வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

டெலெஸ்ஃபோர் யோசிக்கவே இல்லை. காரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

இங்கே ஒரு விஷயம். ஆஸ்திரேலியா வந்த போலந்துக்காரர்கள், ஊரில் தாங்கள் கண்டிராத பொருளுக்கெல்லாம் ஆங்கிலச் சொல்லை எடுத்து ஒரு வாலை ஒட்டி வைத்துக்கொண்டார்கள். காருக்கு 'காரா'. நாற்பது வருஷமாக மன்றத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் போலந்தில் 'காரா' என்றால் ஒரே ஒரு பொருள்தான். தண்டனை.

"நான் ரொம்ப நேசிக்கிறது என் காராவைத்தான்," என்றார் டெலெஸ்ஃபோர், தெளிவாக, உரக்க.

பேராசிரியையின் பேனா நின்றது. "உங்க... காராவையா?"

"ஆமா. பதினோரு வருஷமா எங்கிட்ட இருக்கு. எங்க மச்சான் குடுத்தது. அதுக்கு முன்னாடி வேற ஒரு காரா இருந்துச்சு, பச்சை. அது நடுரோட்டுல எரிஞ்சு போச்சு. அன்னிக்கு நான் அழுதேன்."

"கடவுளே," என்றார் பேராசிரியை மெதுவாக. "இப்ப இருக்கிற காராவைத் தாங்க முடியுதா?"

"குளிர்காலத்துலதான் கொஞ்சம் கஷ்டம். காலையில ஒரேயடியா இருமும். ஆனா நான் அதைக் கைவிட மாட்டேன். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக்கூட அதுலதான் போவோம், குடும்பத்தோட."

"குடும்பத்தோட!" பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "உங்க மனைவி இதுக்கு என்ன சொல்றாங்க?"

"அவளுக்குத் தனியா ஒண்ணு இருக்கு. சின்னது. என்னைத் தொடவே விடமாட்டா."

அரங்கில் எல்லாரும் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். ஒட்டிலியாவின் கார் விஷயம் ஊரறிந்தது.

"சனிக்கிழமை சாயந்திரம் நானே என் கையால அதைக் கழுவுவேன்," என்று டெலெஸ்ஃபோர் முடித்தார். "என் காராவை எனக்கப்புறம் என் மகனுக்குத்தான் குடுப்பேன்."

பேராசிரியை கண்ணீரோடு எழுந்து வந்து, குதிகால் உயர்த்தி, அவர் நெற்றியில் முத்தமிட்டார். "முப்பது வருஷமா இலக்கியம் சொல்லித் தரேன். தண்டனையைப் பத்தி ஒருத்தரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்ல," என்று சொல்லி முழு மதிப்பெண் போட்டார். ரைமுண்ட் அங்கேயே பீர் திறந்துவிட்டான்.

வ்ரோனா டீச்சரின் முகத்தில் குழப்பம். இலக்கணத்தில் இரண்டு தப்பு இருந்தது அவருக்குத் தெரியும். கார் கழுவுவதற்கு ஏன் இத்தனை கண்ணீர் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான். மேசையில் பியெரோகி வந்தது, உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து அவித்த கொழுக்கட்டை, மேலே வதக்கிய வெங்காயம். எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் அவர் நாகரிகமாக விருந்தாளியிடம் சொன்னார்.

"பேராசிரியை, மெல்போர்ன் ரயிலுக்கு நேரமாச்சு. என் காராவுல வாங்க. தாராளமா நாலு பேர் உட்காரலாம்."

பேராசிரியையின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. "உங்க தண்டனையில நாலு பேரா?"

"எங்களதுல அஞ்சு பேர்," என்றாள் ஒட்டிலியா விட்டுக்கொடுக்காமல். "பின்னாடி நாய் வேற."

பேராசிரியை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "காரான்னா இங்க என்ன?" என்று கேட்டார், ஏற்கெனவே பாதி புரிந்த குரலில். டெலெஸ்ஃபோர் பெருமையாக அவரை வெளியே அழைத்துப்போய்க் காட்டினார். யூகலிப்டஸ் மரத்தடியில், பளபளவென்று, சிவப்பு நிறத்தில் அவருடைய தண்டனை நின்றுகொண்டிருந்தது.

பேராசிரியை அதன் முன்மூடியில் சாய்ந்து சிரித்தார். நிறுத்த முடியவில்லை. கண்ணாடி புல்லில் விழுந்தது. யகோடா எடுத்துக் கொடுத்தாள்.

வ்ரோனா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் இருபத்திரண்டு வயதில் போலந்திலிருந்து வந்தவர். அங்கே பள்ளிப் படிப்பை முறையாக முடித்தவர். அந்தச் சொல் எப்போது தன் வாயில் வந்து உட்கார்ந்தது என்று அவருக்கே தெரியவில்லை. "முப்பது வருஷமா இந்தப் பிள்ளைகளுக்கு நான் என்னத்தைச் சொல்லிக் குடுத்தேன்?" என்றார். முதல்முறையாக அவர் முதுகு கொஞ்சம் வளைந்தது.

டெலெஸ்ஃபோருக்கு மனசு கேட்கவில்லை. "டீச்சர், அங்க இருந்தவங்க யாருக்கும் புரியாமப் போகல. அவங்க ஒருத்தருக்குத்தான் புரியல. நாற்பது பேருக்கு ஒருத்தர். நம்ம பக்கம்தான் ஜெயிச்சிருக்கு."

"அவர் சொல்றது சரி," என்றார் பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அகராதியில இல்லாத சொல்லுக்கு ரெண்டு மார்க் குறைக்கிறேன். இலக்கணத்துக்கு ரெண்டு. அப்பவும் தேறிட்டார். இப்ப சொல்லுங்க, இந்த மாதிரி வேற என்ன சொல்லெல்லாம் வச்சிருக்கீங்க?"

அவ்வளவுதான். ஆளாளுக்கு ஓடி வந்தார்கள். வேலிக்கு ஒரு சொல், லாரிக்கு ஒரு சொல், ஓட்டுநர் உரிமத்துக்கு மூன்று சொற்கள், அதில் எது சரி என்று ஒரு சண்டை. பேராசிரியை ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதினார். வ்ரோனா டீச்சரும் கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். அது நீர்த்தொட்டியின் அடைப்பானுக்கான சொல். அதுவரை யாருமே கேள்விப்பட்டதில்லை, அவரே உண்டாக்கியது போலிருக்கிறது. மெல்போர்ன் ரயில் போயே போய்விட்டது.

டெலெஸ்ஃபோர் தலைவரானார். பீர் கவுண்டர் நிலைத்தது, பக்கத்திலேயே நூலகமும் வந்தது, பாதி அளவில். எல்லாரும் வியந்த விஷயம், அடுத்த பிப்ரவரியில் அவர் தன் முக்காலியோடு ஐந்தாம் வகுப்புக்கு வந்ததுதான்.

"இனி என்ன விதி உங்களைப் படிக்கச் சொல்லுது?" என்றார் வ்ரோனா டீச்சர்.

"ஒண்ணும் இல்ல டீச்சர். எழுத இன்னும் வரல," என்றார் அவர். "கிராக்கோவுக்கு ஒரு கடுதாசி போடணும்."

கடிதத்தை எழுதி முடிக்க மூன்று வாரம் பிடித்தது. பேராசிரியை அதைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். ஒன்றரைப் பக்கத்தில் அறுபத்தோரு தப்பு. அடியில், 'மிக்க மகிழ்ச்சி, உடனே மறுபடி எழுதவும்' என்றிருந்தது. அவர் எழுதினார். ஐம்பத்தெட்டு. நடுவில் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அனுப்பினார், நாலே வரி, அதில் மட்டும் ஒன்பது. நான் கடைசியாகக் கேள்விப்பட்டபோது இருபத்துமூன்றில் நின்றது. டிப்போவின் அறிவிப்புப் பலகையில் அந்தக் கடிதத்தை ஒட்டி வைத்திருந்தார். யாருக்கும் ஒரு எழுத்தும் புரியாது, ஆனால் ஆளுக்கொரு முறை நின்று பார்த்துவிட்டு, "பரவாயில்லையே டெலெஸ்ஃபோர்," என்று மூச்சுப் பிடித்து முழுப் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.