சந்தனம் ஏறிய படிகம்

காலை 5.50. புக்கிட் பெருவாங்கில் ஆராய்ச்சி மாணவி காயத்ரி என் காய்கறி வேனில் ஏறினாள். முதல்நாள் கீரை வாடை இன்னும் போகவில்லை. விமான நிலையம் வரை நூற்றிருபது கிலோமீட்டர். கூலி நூற்றைம்பது ரிங்கிட். துணிப்பையைப் பின்னால் போட்டவள், ஒரு சின்னப் பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள்.

6.30. சிம்பாங் அம்பாட்டில் அவள் அம்மா வீடு. கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்த அம்மா, தூங்காமல் எங்களுக்குத் தோசை சுட்டார். நாங்கள் சாப்பிடும்வரை பெட்டி சாமி மேடையில் இருந்தது.

7.05. பெட்ரோல் நிலையம்.

“அப்படி என்னதான் இருக்கு அதுல? வைரமா?”

“வைரம்னா கடையில வாங்கிக்கலாம்ணே.”

ஈயமும் வேறு சில உலோகங்களும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகமாம். வரிசையாக நிற்கும் அணுக்களுக்குள் சின்னச் சின்னக் கூட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்குமாம். மின்சாரம் கொடுத்து அவற்றை ஒரு திசைக்குத் திருப்பி வைத்திருந்தாள். எக்ஸ்ரேயில் ஈயம் ஆக்சிஜனை மறைத்துவிடும். நியூட்ரானுக்கு இரண்டும் தெரியும். அப்படியும் திரும்பாமல் மீதி இருக்கும் சாய்வு, படத்தில் பளிச்சென்ற புள்ளிகளைச் சுற்றி வண்ணத்துப்பூச்சி இறக்கைபோல மங்கலாக விழும். அதைப் பார்க்க வெளிநாட்டு அணு உலையில் மூன்று நாள் கிடைத்திருக்கிறது. உதவித்தொகை அதோடு முடிகிறது. இது தவறினால் பட்டமும் இல்லை.

ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்ட எனக்கே புரியும்படி சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்தாள். சர்க்கரைக் கட்டி அளவில் தேன் நிறக் கல். அதன் மேல் சந்தனப் பொட்டு.

“போச்சு லா அண்ணே.”

சந்தனத்தில் ஹைட்ரஜன் இருக்கிறது. நியூட்ரானை அது கண்டபடி சிதறடிக்கும். அந்த மங்கலில் இறக்கை மூழ்கிப்போகலாம்.

அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டாள். “தண்ணி விட்டுக் கொழச்சியா, பன்னீரா?”

“பன்னீர்தான். புதுக் காடி வாங்குனா ஓட்டுறதுக்கு முன்னாடி அதுக்கே பொட்டு வைக்கிறோம், இவ்ளோ தூரம் போற கல்லுக்கு வைக்கக் கூடாதா? ஏம்மா, தப்பா?”

அவள் பொட்டை ஒருமுறை பார்த்தாள். “இல்லம்மா. அழகா இருக்கு.”

நிலையத்துக் கடையில் ஏழரை ரிங்கிட்டுக்கு ஸ்பிரிட் துணி வாங்கித் துடைத்தாள். மேல்பூச்சு போயிற்று. ஓரத்து விரிசலில் மஞ்சள் கோடு நின்றுவிட்டது.

“சூடு பண்ணா எரிஞ்சி போவாதா?”

“போவும். கல்லும் தான் திரும்புன திசைய மறந்துடும்.”

8.55. விமான நிலையம். “உலையில இப்படியேதான் வைக்கப் போறேன். சந்தனம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சிதறும். எறக்கை அதுக்கு மேல எழும்பணும். எழும்பலன்னா இல்ல.” திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

பன்னிரண்டு நாள் கழித்து மஸ்ஜித் தானாவில் கோஸ் இறக்கும்போது காயத்ரியிடமிருந்து போனில் படம் வந்தது. சாம்பல் மூட்டத்துக்கு நடுவே இரண்டு இறக்கைகள். ‘மங்கலா இருக்கு, ஆனா இருக்குண்ணே. அம்மாகிட்ட எதுவும் சொல்லாதீங்க.’

மாலையில் சிம்பாங் அம்பாட் போனேன். அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“கல்லு வந்துருச்சா தம்பி?”

“கதிர்வீச்சு அடங்குற வரைக்கும் அங்கதான் இருக்கணுமாம்க்கா.”

“நான் வச்ச பொட்டு?”

“கொஞ்சம் இருக்குக்கா” என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.