நேசம் மிஸ்ஸின் சமாதானங்கள்

மத்தியஸ்தர் என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளம் கிடையாது. கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, ஏழு வயதுப் பிள்ளைகள் இருக்கிற குட்டிக் கதிரைகள், முழங்கால் நாடியில் முட்ட மூன்று பேர். சண்டைக்காரர் வழக்கென்று கோட்டுக்குப் போகுமுன் அவர்களை எதிரெதிரே இருத்திக் கதைக்கவைத்து, தண்டனை இல்லாமல் தீர்த்துவைக்க வேண்டும். தபால் கந்தோரில் முப்பத்திரண்டு வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற நேசம், பதினொரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இதைத்தான் செய்கிறார். மதில் சண்டை, வாய்த்தர்க்கம், கைகலப்பு, நாய் குரைப்பு. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஞாயிறு பூசைக்குப் போயே எத்தனை நாளாகிறது!

வந்த புதிதில் அப்படியில்லை. ஒருவனை மறியலில் அடைத்துப் போடுவதைவிட, செய்ததை அவன் வாயாலேயே சொல்லவைப்பது பெரிது என்று மனதார நம்பினார். இப்போதும் நம்பிக்கை இருக்கிறது, குட்டிக் கதிரை தந்த நாரிப்பிடிப்போடு.

அந்த ஞாயிறு பன்னிரண்டரைக்கு, எட்டாவது பிணக்காக சீனியம்மா வந்தார். சுவரோடு சுவர் ஒட்டிய இருபது வீட்டுக்கு ஒரே குழாய் உள்ள தோட்டக் குடியிருப்பில் இருப்பவர். குழாயடியில் பக்கத்து வீட்டு ஹியூபேட் தள்ளி விழுத்திவிட்டான் என்று முறைப்பாடு. போன வருஷமும் இதே ஆள், இதே குழாய். அப்போது நேசம்தான் அரை மணித்தியாலத்தில் சமாதானம் செய்து அனுப்பியவர்.

"எனக்கு சமாதானம் வேணாம் மிஸ்" என்றார் சீனியம்மா. "ஒத்துப்போகலன்னு துண்டு எழுதிக் குடுங்க. அதக் காட்டி நான் கோட்டுக்குப் போறேன்."

ஹியூபேட் கெட்டிக்காரன். யாரும் கேட்குமுன்னே எழும்பி, "சொறி அக்கா, கோபத்தில தள்ளிட்டன்" என்று கையை நீட்டினான். பாடமாக்கி வைத்திருக்கிறான், படுபாவி! ஆனாலும் நேசத்துக்கு அப்பாடா என்றிருந்தது. வெளியே இன்னும் நாலு பிணக்குக்காரர் காத்திருந்தார்கள்.

"அவரே மன்னிப்புக் கேட்டிட்டார்தானே. கையைக் குடுங்கோ சீனியம்மா, முடிப்பம்."

சீனியம்மா வலக்கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க. எந்தக் கையக் குடுத்தேன்னு பாத்தீங்களா மிஸ்? இவன் தள்ளி எலும்பு வெடிச்ச கை. கட்டோட நீட்டினேன். இவன் புடிச்சுக் குலுக்கினான். நீங்க கை தட்டினீங்க. வலிக்குதான்னு இவனும் கேக்கல, நீங்களும் கேக்கல."

 கை தட்டியது நேசத்துக்கு நினைவிருந்தது. கட்டு நினைவில் இல்லை. அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

"மிஸ், நேரம் போகுது" என்று பக்கத்திலிருந்த மத்தியஸ்தர் ராசிக் முணுமுணுத்தார்.

"போகட்டும் ராசிக். ஹியூபேட், நீர் இரும். கையை மடியில வையும்."

அவன் கதிரையில் இருந்தான். நேசம் சீனியம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்கு நான் உங்களைக் கேக்கவேயில்லை. எப்பிடியாவது முடிஞ்சால் காணுமெண்டு அவசரப்படுத்திப்போட்டன். பிழை என்னிலதான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

சீனியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. அவரும் களைத்துத்தான் போயிருந்தார்.

"உங்களையும் இன்னிக்கே மன்னிக்கணுமா மிஸ்?"

"இல்லையம்மா" என்று சொல்லிவிட்டு, நேசம் அவர் கேட்ட துண்டை எழுதத் தொடங்கினார்.