படிக்கப் போனவனுக்கும் ஒரு கூறு

நீங்கள் இரண்டு பேரும் அப்போது ரொம்பச் சின்னப் பிள்ளைகள். உங்கள் அப்பன் நான் கமிட்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். விவசாயிகள் மக்காச்சோளமும் உளுந்தும் கொண்டுவந்து விற்கிற இடத்துக்கு எங்கள் பக்கம் கமிட்டி என்றுதான் பேர். முட்டியில் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச காலம்தான் தூக்க முடியும் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஊராட்சி ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கள்ளக்குறிச்சியில் மோட்டார் காயில் கட்டும் பயிற்சி, அதாவது எரிந்துபோன மோட்டாருக்குப் புதுசாகச் செம்புக் கம்பி சுற்றுகிற வேலை, வயது வந்த யாரும் சேரலாம், கட்டணம் கிடையாது, வருகிற நாளுக்கெல்லாம் உதவித்தொகை உண்டு. படிப்பதற்கு அரசாங்கமே பணம் தரும் என்பதை நான் நின்று மறுபடியும் மறுபடியும் படித்தேன். விசாரித்ததில் ஒரு சிக்கல் இருந்தது. உதவித்தொகை பயிற்சி முடிந்த பிறகுதான் பேங்கில் ஏறும். நம் வீட்டு அடுப்போ அன்றன்றைக்கு வருவதை வைத்து எரிவது. சம்பளத்தோடு லீவு என்பதெல்லாம் ஆபீஸில் இருப்பவர்களுக்கு. மூட்டை தூக்குகிறவன் யாரிடம் போய் லீவு கேட்பான்?

சேர்ந்து மூட்டை தூக்குகிற எங்கள் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் கூலியைக் கூறு போடும்போது, காய்ச்சலில் படுத்தவனுக்கும் சாவு விழுந்த வீட்டுக்காரனுக்கும் ஒரு கூறு எடுத்து வைத்துவிடுவோம். இரண்டும் இல்லாமல் வராதவனுக்குக் கூறு கிடையாது. அதனால் செட்டு மேஸ்திரியிடம் நான் எதையும் கேட்கவில்லை. பயிற்சிக்குப் போகலாமா என்று பார்க்கிறேன், வீட்டை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

அவர் பீடியை அணைத்துவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். "இவனுக்குக் காய்ச்சல்னு வச்சிக்குவோம். இன்னா சொல்றீங்க?"

"எத்தினி நாளைக்குண்ணே?"

"படிப்பு முடியிற வரைக்கும்."

"அப்ப டைஃபாய்டுதான்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பங்கு மூட்டையையும் அவர்கள் முதுகுதான் தூக்க வேண்டும்.

முதல் நாள் பயிற்சிக் கூடத்தில் ஒரு வண்டி வந்து நின்றது, நிறைய பழைய மோட்டார்கள். பணம் தருகிறார்களே, இதுதான் வேலை போலிருக்கிறது என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறக்கப் போனேன். வாத்தியார் ஓடி வந்தார்.

"இன்னாங்க பண்றீங்க? அதுக்கு ஆள் இருக்காங்க. நீங்க போயி உக்காருங்க."

உட்கார்ந்தேன். வேறு ஒருவர் சுமை இறக்க, நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு காலை அதற்கு முன்பு இருந்ததில்லை. நான் தெரிந்துகொள்வதற்காக, முகம் தெரியாத எத்தனையோ பேருடைய வரிப்பணம் அங்கே செலவாகிக்கொண்டிருந்தது. கோயிலில் நிற்பதுபோல் இருந்தது.

ஆனால் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மூட்டை தூக்கிய கைக்குப் பலத்தைக் குறைக்கத் தெரியாது. செம்புக் கம்பியை இழுத்தால் பட்டென்று அறுந்தது. பக்கத்து மேசையில் கல்வராயன் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வருகிற ஒரு பொண்ணு. அதன் விரலில் கம்பி தானாக வளையும்.

"அண்ணா, கம்பி ஒண்ணும் ஓடிப்போவாது. மெதுவா இழுங்க" என்றது. "ஆட்டைப் புடிச்சிக்கினு போற மாதிரி இழுக்கிறீங்க."

கடைசியில் பரீட்சை. நாங்கள் கட்டிய மோட்டாருக்குக் கரண்டு கொடுத்துப் பார்ப்பார்கள். கட்டினதில் தப்பிருந்தால் புகைந்துவிடும். என் முறை வந்தபோது சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். தோற்றால் எனக்கு மட்டும் நஷ்டமில்லை. இத்தனை நாளும் ஒரு செட்டே எனக்காக முதுகு வளைத்திருக்கிறது.

"அமுத்துங்கண்ணா" என்றது மலைப் பொண்ணு.

அழுத்தினேன். மோட்டார் ஒரு தரம் முனகிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. அதன் முதுகில் கையை வைத்தேன். உள்ளே நான் சுற்றிய கம்பிதான், ஆனால் என்னால் நம்ப முடியவில்லை. வாத்தியார் போதும் என்று சொல்லும்வரை கையை எடுக்கவே இல்லை.

பஸ் பிடித்து நேராகக் கமிட்டிக்குப் போனேன். தலையெல்லாம் சோளத் தூசியோடு எல்லோரும் குழாயடியில் நின்றிருந்தார்கள். மேஸ்திரிதான் கேட்டார்.

"ஓடிச்சா?"

"ஓடிச்சிண்ணே."

மேஸ்திரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் போன ஒரு வியாபாரியைக் கூப்பிட்டார்.

"யாவாரி, உங்க போர் மோட்டார் எரிஞ்சிபோச்சின்னா வேற எங்கியும் போவாதீங்க. எங்களுக்குக் காயில் கட்டத் தெரியும்."