கற்பூரத்தை அணைக்க மறுத்தவர்

நெருப்பெரிச்சல் ஊர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் நிர்வாகம் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் கடைசி. ஏற்றுமதிக்கு வைத்திருந்த கோடுபோட்ட துணி உருளை ஒன்று காணாமல் போனது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், விசாரணை, சாட்சி என்று இதற்கான வரிசை எனக்கு மனப்பாடம். முதலாளிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அவரிடம் வேறொரு நடைமுறை இருந்தது. கம்பெனி வாசலில் இருக்கும் பிள்ளையார் முன்னால் கற்பூரம் கொளுத்தி, ஒவ்வொருவரும் 'நான் எடுக்கவில்லை' என்று சொல்லி உள்ளங்கையால் அணைக்க வேண்டும். பொய் சொன்னால் குடும்பம் விளங்காது.

வரிசையாக வந்து அணைத்தார்கள். முதலில் அணைத்தவர் முதலாளியின் ஒன்றுவிட்ட தம்பி, துணிக்கிடங்கின் பொறுப்பாளர். இஸ்திரி போடுகிறவர் முஸ்லிம். அவர் தன் வேதத்தின்மேல் சத்தியம் செய்யலாம் என்று முதலாளியே சலுகை கொடுத்தார். வேறு சாமி இருந்தால் பரவாயில்லை. சாமியே இல்லாவிட்டால்தான் சிக்கல்.

செக்கிங்கில் இருந்த ஒருவருக்கு சாமி இல்லை. கறுப்புச் சட்டைக் குடும்பம். ஒரு தையல் விட்டுப்போன பனியனைக்கூட அவர் கண் தப்பவிடாது.

"நான் எடுக்கலீங்க. ஆனா கற்பூரம் அணைக்க மாட்டனுங்க."

நான் அவரைத் தனியே கூப்பிட்டேன். "உங்களுக்குத்தான் சாமி இல்லையே? அப்புறம் அது வெறும் கற்பூரம்தானே? ஊதித் தள்ளிட்டுப் போக வேண்டியதுதானே?"

"பயப்படற மாதிரி நடிச்சா, நான் சொன்னது அத்தனையும் பொய்யாயிருமுங்களே."

கடவுள் பெயரைச் சொல்ல விரும்பாதவர் உளமார உறுதி கூறலாம் என்று சட்டமே இடம் கொடுக்கிறது. முதலாளியிடம் சொன்னேன். "கோர்ட்டுல வெச்சுக்கட்டுமுங்க, இது கம்பெனிங்க" என்றார். அன்றே அந்த மனிதர் தற்காலிகமாக நீக்கப்பட்டார். சத்தியத்துக்கு வராதவர் என்ற பேச்சு அவருக்கு முன்னால் அடுத்தடுத்த கம்பெனிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. அவர் மனைவி கோழிகளை விற்றுக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

சில மாதங்கள் கழித்து எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு தெருவோரக் கடையில் அதே கோடு போட்ட பனியன்கள் தொங்கின. கடை, கிடங்குப் பொறுப்பாளரின் மச்சானுடையது. "கற்பூரத்தை எப்படிங்க அணைச்சீங்க?" என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"கைய வெக்கும்போதே கருப்பராயனுக்குக் கெடா நேர்ந்துக்கிட்டனுங்க" என்றார், ரசீது வாங்கி வைத்திருப்பவர் போல.

விஷயம் தெரிந்ததும் முதலாளி தம்பியைத் திட்டிவிட்டு, நேர்த்திக்கடனைத் தீர்க்கச் சொன்னார். கிடா வெட்டி கம்பெனிக்கே விருந்து. கட்டிங் மேசைகளை ஒதுக்கிவிட்டுப் பந்தி போட்டார்கள். அந்த நேரம் பார்த்து செக்கிங்காரர் வந்து நின்றார். சட்டை அவர் உடம்புக்குப் பெரிதாகியிருந்தது.

"எடுத்தவரு யாருன்னு தெரிஞ்சுபோச்சுங்களே. என்ர வேலையக் குடுத்துருங்க. நியாயம்தானுங்களே?"

"உங்களுக்குத்தான் சாமி இல்லீங்களே" என்றார் முதலாளி, மிகவும் மரியாதையாக. "அப்புறம் யாருகிட்டீங்க நியாயம் கேக்கறீங்க?"

"உங்ககிட்டத்தானுங்க."

பந்தியே சிரித்தது. முதலாளியும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எடுத்தவனுக்காச்சும் சாமி பயம் இருந்துச்சுங்க, கெடா வெட்டுனான். உங்கள எதைய நம்பி உள்ள உடறதுங்க? வந்ததே வந்தீங்க, உக்காந்து ரெண்டு வாய் சாப்பிட்டுப் போங்க."

தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். இலை போட்டார்கள். கிடங்குப் பொறுப்பாளரே கறி வாளியோடு குனிந்தார். "நல்லி வெக்கட்டுங்ளாண்ணா?"

பசி முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. கை இலைவரை போயிற்று. பிறகு எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார்.

"பாத்தீங்களா திமிர" என்றார் முதலாளி என்னிடம்.

கறி வைத்த இலை வீணாகக் கூடாது என்று, வாளியைக் கீழே வைத்துவிட்டு, கிடங்குப் பொறுப்பாளர் அதில் உட்கார்ந்து சாப்பிட்டார்.