ஒன்பதுக்குப் பூஜ்யம்

நான் குடித்திருக்கவில்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. இரவுகூட இல்லை. நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி ஏழு நிமிடம். வெளியே நல்ல வெளிச்சம் இருந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் என்னிடம் வந்து "பிரமையா இருக்கும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னவர்களுக்கு என் கடையில் காபி கிடையாது.

என் பெயர் மரீஸ். பிரான்சின் வடக்கே, நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப்போன ஊர் ஒன்றில் சின்னதாக ஒரு கஃபே நடத்துகிறேன். எங்கள் பக்கம் கஃபே என்றால் அதில் மேசைக் கால்பந்து இருந்தே ஆக வேண்டும். கம்பியில் கோத்த பொம்மைகளைத் திருப்பிப் பந்தை அடிக்கிற அதே ஆட்டம்தான். குழந்தை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். இதனால் நின்றுபோன கல்யாணம் ஒன்று எனக்குத் தெரியும்.

பத்து கோல் ஆட்டம். ஒரு கோல்கூடப் போடாமல் பத்துக்குப் பூஜ்யம் என்று தோற்றால், மேசைக்கு அடியில் தவழ்ந்து மறுபக்கம் வர வேண்டும். கடையே கைதட்டிச் சிரிக்கும். எங்கள் ஊரில் மேயரானாலும் தவழ்ந்தாக வேண்டும். நான் பத்தொன்பது வருடமாக ஆடுகிறேன். ஒரு தடவைகூடத் தவழ்ந்ததில்லை. தவழவும் மாட்டேன்.

அந்த வருடம் கூரை ஒழுகி எங்கள் மேசை ஊறிப் போய்விட்டது. பக்கத்து ஊரில் கோரின் என்பவளின் மாமா நடத்திய கஃபே ஒன்று பூட்டிக் கிடந்தது. மாமா ஃபெர்னான் இறந்து இரண்டு வருடம். உள்ளே பழைய மேசை ஒன்று இருப்பதாகச் சொன்னாள். நானும் என் தம்பி ரெஜிஸும் வண்டியை எடுத்துக்கொண்டு போனோம். போய்ச் சேர்ந்தபோது 3.40.

கோரின் கதவைத் திறந்தாள். உள்ளே வரவில்லை.

"நீங்க பாத்துக்கிட்டே இருங்க. நான் வண்டியில உக்காந்து ஒரு ஃபோன் பேசிட்டு வரேன்."

"ஏன், உள்ள உக்காந்து பேசலாமே?"

"இங்க சரியா கேக்காது," என்றாள். கதவைத் தாண்டாமலே திரும்பிப் போனாள்.

மேசை நடுவில் நின்றது. நல்ல பீச் மரம். அலுமினியப் பொம்மைகள், ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம். எனக்கு அப்போதே ஆசை வந்துவிட்டது. ஆனால் பழைய மேசை வாங்குகிறவர்கள் கண்ணை நம்பக் கூடாது. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது.

முதலில் பந்தை நான்கு மூலையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். தானாக உருண்டால் பலகை வளைந்திருக்கிறது. வைத்தேன். நான்கு மூலையிலும் பந்து அசையவில்லை. மிக அருமை.

அடுத்து கம்பிகள். ஒவ்வொன்றையும் இழுத்து, தள்ளி, சுற்றிப் பார்க்க வேண்டும். நடுங்கினால் கம்பி கோணல். என் பக்கத்து நான்கு கம்பிகளும் வெண்ணெயில் கத்தி போவது போலப் போய் வந்தன. எதிர்ப்பக்கம் போனேன். அங்கேயும் கம்பிகள் நேராகத்தான் இருந்தன. ஆனால் மரப்பிடிகள் சூடாக இருந்தன.

கடைக்குள் கணப்பு இல்லை. நான் பேசினால் வாயிலிருந்து ஆவி வந்தது. இரண்டு வருடமாகப் பூட்டிய கடை. பிடி மட்டும் சூடு... இப்போதுதான் யாரோ கையை எடுத்ததுபோல.

"ரெஜிஸ், நீ இந்தப் பிடியத் தொட்டியா?"

"இல்லக்கா. நான் என்ன, கையில நெருப்பா வச்சிருக்கேன்?"

சன்னல் வழியாக வெயில் பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சன்னல் பலகை போட்டு அடைத்திருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

மேசையின் ஓரத்தில் கோல் எண்ணுகிற மணிகள். கம்பியில் கோத்த மர மணிகள், பக்கத்துக்குப் பத்து. எதிர்ப்பக்கம் ஒன்பது மணி தள்ளியிருந்தது. என் பக்கம் ஒன்றுகூட இல்லை. நேராக்கி வைக்கலாம் என்று இழுத்தேன். வரவில்லை. ரெஜிஸ் இழுத்தான். அவன் பீர்ப் பீப்பாய் தூக்குகிறவன். அவனுக்கும் வரவில்லை.

"துரு பிடிச்சிருக்கும்," என்றான்.

மணியும் மரம், கோத்த கம்பியும் பளபளவென்று இருந்தது. துரு எங்கிருந்து வரும்?

கடைசியாக அடிப்பலகை. அதைப் பார்க்காமல் மேசை வாங்கவே கூடாது. ஈரம் குடித்த மரமும் வெடித்த மூட்டும் அங்கேதான் ஒளிந்திருக்கும். நான் எதற்காகவும் மேசைக்கு அடியில் போவதில்லை என்பது ரெஜிஸுக்குத் தெரியும்.

"மகாராணி நின்னுக்கிட்டு இருங்க, நான் போறேன்," என்று சொல்லிவிட்டு டார்ச்சோடு உள்ளே நுழைந்தான். மணி 4.02.

"அக்கா, இங்க தரையில ஓடு ரெண்டு கோடா பளபளன்னு இருக்கு. முட்டி தேஞ்ச தடம். எத்தன பேரத் தவழ விட்டிருப்பாங்க இவங்க..."

"மரத்தப் பாருடா."

"மரம் நல்லா இருக்கு."

கோல் சத்தத்தையும் கேட்டுவிடலாம் என்று தக்கைப் பந்தை நடுவில் போட்டேன். நல்ல மேசையில் பந்து கோலுக்குள் போனால் உள்ளே இருக்கிற தகடு டங் என்று மணி அடிக்கும். எதிரே ஆள் இல்லை. காலி கோல். நிதானமாக அடித்தேன்.

டக்.

எதிர்க் கோல்கீப்பர் பந்தைத் தடுத்திருந்தது.

கம்பி தளர்வாக இருக்கும்... என் அடியின் அதிர்வில் நகர்ந்திருக்கும். இப்படித்தான் நினைத்தேன். மணி 4.07.

அப்போது அடியிலிருந்து ரெஜிஸ் பேசினான்.

"அக்கா, கோரினக் கொஞ்சம் கால எடுக்கச் சொல்லு. வெளிய வர வழிய மறைக்கிறா."

கோரின் வண்டியில் இருந்தாள். திறந்த கதவு வழியாக எனக்கு அவள் தெரிந்தாள்.

"எந்தக் காலு?"

"எதிர்ப்பக்கம். கறுப்பு பூட்ஸ்." டார்ச் வெளிச்சம் தரையில் நகர்ந்தது. "அக்கா... நாலு பூட்ஸ் இருக்கு."

நான் எதிரே பார்த்தேன். யாரும் இல்லை.

"இந்தப் பக்கமா வாடா."

"வந்தேன். இங்கயும் வந்துட்டாங்க." அவன் குரல் சின்னதாகிவிட்டது. "எந்தப் பக்கம் திரும்பினாலும் பூட்ஸ் வந்து நிக்குது. வெளிய விட மாட்டேங்குறாங்க. அக்கா, எனக்கு மூச்சு முட்டுது."

பயந்தேன். குனிந்து அவன் கையைப் பிடித்து இழுக்கத்தான் முதலில் தோன்றியது. முழங்கால் மடங்கவும் ஆரம்பித்துவிட்டது.

அப்போது எதிரே பந்து நகர்ந்தது.

எதிர்ப்பக்கத்து மூன்று பொம்மைகள் பந்தை இடதும் வலதுமாக உருட்டின. டிக்... டிக்... டிக்... ஆடத் தெரிந்தவன் எதிராளியைக் கேலி செய்யும்போது இப்படித்தான் உருட்டுவான். நான் குனிவதற்காகக் காத்திருந்தார்கள்.

மணிகளைப் பார்த்தேன். ஒன்பதுக்குப் பூஜ்யம். இன்னும் ஒரு கோல் விழுந்தால் பத்து. பத்து விழுந்தால் நானும் அடியில் போக வேண்டும். போனால் வெளியே விடுவார்களா என்று ரெஜிஸின் மூச்சு எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஒரு கோல் போட்டுவிட்டால் யாரும் தவழ வேண்டியதில்லை. அதுதானே சட்டம்.

எனக்குக் கோபம் வந்தது. பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது. செத்தவனாக இருந்தால் என்ன, மேசைக்கு வந்தால் ஆட்டக்காரன்தான்.

"ரெஜிஸ், அசையாத. நான் குனிய மாட்டேன். ஜெயிச்சு உன்ன எடுக்கறேன்."

பிடியை இறுக்கவில்லை. இறுக்கினால் மணிக்கட்டு செத்துவிடும். விரலால் பிடித்தேன். பந்தைப் பார்க்கவில்லை. இடைவெளியைப் பார்த்தேன்.

அடித்தார்கள். என் நடு வரிசை தடுத்தது. நான் அடித்தேன். தடுத்தார்கள். கம்பிகள் மட்டும் வந்தன, போயின. ஆள் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பக்கத்துத் தரை கிறீச்சிட்டது.

4.13.

ரெஜிஸ் இப்போது பேசவில்லை. இருமினான். அப்புறம் இருமலும் நின்றது.

அவசரப்பட்டேன். என் தப்புதான். இரண்டு கையும் முன் கம்பிகளில். பின் கம்பிகள் இரண்டும் காலி. இரண்டு பேர் நிற்க வேண்டிய பக்கத்தில் நான் ஒருத்தி.

பந்து என் நடு வரிசையைத் தாண்டியது.

நேராக என் கோலுக்கு.

கை எட்டாது.

டக்.

நின்றது.

என் கோல்கீப்பர் பந்தைக் காலடியில் பிடித்து வைத்திருந்தது.

நான் பிடியைத் தொடவே இல்லை. என் இரண்டு கையும் முன்னால்.

இடப்பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் பிடியை விட்டுவிடுவேன் என்று தெரியும்.

பந்து மெதுவாக என் முன் வரிசைக்கு வந்தது. அவ்வளவு சுத்தமான பாஸை நான் வாழ்க்கையில் வாங்கியதில்லை. நிறுத்தினேன். ஒரு மூச்சு விட்டேன். மணிக்கட்டைச் சொடுக்கினேன்.

டங்.

அந்தத் தகட்டுச் சத்தம் அடங்குவதற்குள் இன்னொரு சத்தம். என் பக்கத்து மணி ஒன்று தானாகக் கம்பியில் நகர்ந்து மறுகோடியில் போய் மோதியது.

4.16.

ரெஜிஸ் வெளியே வந்து விழுந்தான். முகம் நீலம் பாரித்திருந்தது. அவனை வாசலுக்கு இழுத்துப்போய்ப் படியில் உட்கார வைத்தேன். பத்து நிமிடம் கழித்துத்தான் பேசினான்.

"உன் காலுக்குப் பக்கத்துல யாருக்கா நின்னது?"

"எந்தப் பக்கம்?"

"உன் இடப்பக்கம். பொம்பளக் காலு. நீல வீட்டுச் செருப்பு. கடைசியிலதான் வந்தாங்க. அவங்க வந்ததும் பூட்ஸ் எல்லாம் பின்னாடி போயிருச்சு."

கோரின் வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தாள். நான்தான் பேசினேன்.

"மேசைய நான் எடுத்துக்கறேன். ஆனா அந்த ஒன்பது மணி யாரோடதுன்னு சொல்லிட்டுப் போ."

சொன்னாள். 1979-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கடையில் பெண்கள் மேசையைத் தொடக் கூடாது என்பது மாமா ஃபெர்னானின் சட்டம். அவர் மனைவி லியோனி, அன்றைக்குத் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, நானும் ஆடுகிறேன் என்று வந்து நின்றாள். மாமாவும் அவர் கூட்டாளியும் ஒரு பக்கம். லியோனியின் பக்கத்தில் நிற்கக் கடையில் ஒருவரும் வரவில்லை. தனியாக ஆடினாள். ஒன்பதுக்குப் பூஜ்யம் ஆனதும் பிடியை விட்டாள். எல்லாரும் தவழ் தவழ் என்று மேசையைத் தட்டினார்கள். பத்து விழவில்லையே என்று சொல்லிவிட்டு வாசல் வழியாக நடந்து போனவள், அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

"மாமா சாகற வரைக்கும் அந்த மணியத் தொட விடல. அவ வருவா, பத்தாவத வாங்கிட்டுத் தவழ்ந்துட்டுத்தான் போவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. கூட்டாளியும் அதையே சொல்லிக்கிட்டுத்தான் செத்தாரு."

"உன் அத்தையோட கல்லற எங்க இருக்கு? ஒரு பூ வச்சுட்டு வரேன்."

கோரின் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அத்தை சாகலையே. முதியோர் இல்லத்துல இருக்காங்க. எட்டு வருஷமாப் படுக்கை. பக்கவாதம். பேச்சும் இல்ல."

வியாழக்கிழமை போனேன். தாதி என்னை அறைக்குக் கூட்டிப் போனாள். போகும் வழியில் அவளாகவே புலம்பினாள்.

"செவ்வாய்க்கிழமைலேர்ந்து இவங்களுக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. நாலு மணி மருந்துக்குப் போனேன், நல்லாத்தான் இருந்தாங்க. நாலரைக்குப் போய்ப் பாத்தா ரெண்டு உள்ளங்கையிலயும் கொப்புளம். எட்டு வருஷமா விரிக்காத கை."

லியோனி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கட்டுப் போட்ட கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். தாதி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஒண்ணுதான் போட்டிருக்கோம்," என்றாள் லியோனி. "இன்னும் ஒன்பது வேணும். அவனுங்களுக்கு ஒண்ணே ஒண்ணு போதும்."

"வேற எங்கயும் நான் போகப் போறதில்ல," என்றேன்.

மேசை இப்போது என் கடையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குக் கடையை அடைத்துவிடுவேன். ரெஜிஸ் வர மாட்டான். வாடிக்கையாளர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். நான் முன் கம்பிகளைப் பிடிப்பேன். பின் கம்பிகளைத் தொட மாட்டேன்.

லியோனி பிப்ரவரி 11-ஆம் தேதி இறந்துபோனாள். அப்போது ஒன்பதுக்கு மூன்று.

நேற்றைய கணக்கு, ஒன்பதுக்கு ஆறு.