அப்பாவும் நாடும் ஒரே நாளில் பிறந்த கதை

எங்கள் ஊரில் யாரிடமாவது எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், அப்பாவின் பெயரைச் சொல்லமாட்டார்கள். "சுதந்திரத்தோட பொறந்தவரா? நேரா போயி வலப்பக்கம் திரும்பும்" என்பார்கள். 1947 ஆகஸ்ட் 15. அப்பாவின் பள்ளிக்கூடச் சான்றிதழிலும் பென்ஷன் புத்தகத்திலும் ஆதார் அட்டையிலும் இந்தத் தேதிதான். நாகர்கோவிலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவே அவர் கண்டக்டராக ஓடிய காலத்தில், டிக்கெட் வாங்கியவர்களில் பாதிப் பேருக்காவது இந்தச் சேதி தெரிந்திருக்கும். சில்லறை இல்லாதவர்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும், ஏனென்றால் அவர்கள் சில்லறை வரும்வரை கேட்டுக்கொண்டு நிற்கவேண்டும்.

நாட்டோடு பிறந்தவன் என்பது வீட்டுக்கு வெளியே பெருமை. வீட்டுக்குள் அது எங்கள் தலையெழுத்து. மீன்கறியில் புளி கூடிப்போனால், "சுதந்திரம் கிட்டுன அன்னைக்குப் பொறந்தவனுக்கு ஒரு கறி ஒழுங்கா கிட்டாதா?" என்பார். நான் எதிர்த்துப் பேசினால், ஜனநாயகம் தன்னோடு பிறந்தது என்பதால் அதில் முதல் வாய்ப்பு தனக்குத்தான் என்பார். அம்மாவிடம் இன்னும் மோசம். அம்மா பிறந்தது 1948 தை மாதம். "எனக்கு அஞ்சு மாசம் இளையவ நீ, மூத்தவன் சொன்னா கேட்டுக்கிடணும்" என்று ஐம்பது வருடமாக அரைத்த மாவையே அரைத்தார். அம்மா வாயே திறக்கமாட்டாள். அவளுக்கு அப்பாவியான மனசு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய மடைச்சி நான்.

இந்த நாட்டின் சரித்திரத்தை நான் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, சாப்பாட்டு மேசையில். எல்லாப் பெரிய சம்பவத்திலும் அப்பா எங்கேயாவது ஓரமாக நிற்பார். 1956 நவம்பர் ஒன்றாம் தேதி எங்கள் மாவட்டம் திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்ததே, இன்றைக்கும் நாடெல்லாம் வேலை பார்க்கும்போது எங்களுக்கு மட்டும் அன்று லீவு. அந்த நாளில் பள்ளிக்கூடத்தில் கல்கண்டு கொடுத்தார்கள், ஒன்பது வயது அப்பா மூன்று தடவை வரிசையில் நின்று வாங்கினாராம். சீனச் சண்டை வந்தபோது பட்டாளத்தில் சேரக் கிளம்பி, நாகர்கோவில் வடசேரி வரை போய், பசித்ததால் திரும்பிவிட்டார். எமர்ஜென்சியில் பஸ்ஸெல்லாம் நேரத்துக்கு ஓடியதாம். அதற்கும் அவர்தான் காரணம். அதே எமர்ஜென்சியில்தான் கல்யாணமும். 1983-ல் கிரிக்கெட் உலகக் கோப்பை ஜெயித்ததை டவுணில் ஒரு கடை டிவியில் பார்த்ததாகச் சொல்வார். அன்றைக்கு அம்மை போட்டு வேப்பிலைக்கு நடுவே படுத்துக்கிடந்தார் என்பாள் அம்மா. நிலாவின் தென்கோடியில் நம்முடைய கலம் இறங்கிய சாயங்காலம் தெருவெல்லாம் பாயசம் கொடுத்தார். "எழுபத்தாறு வயசுல நாங்க நிலாவுக்குப் போயாச்சு" என்றார். நாங்களாம்.

ஒன்றே ஒன்றைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார். சுனாமி. அவருடைய பஸ்ஸில் தினமும் மீன் கூடையோடு ஏறி, இடம் கேட்டுச் சண்டை போட்ட பெண்களில் சிலர் அதற்குப் பிறகு ஏறவில்லை. அடுத்து வந்த ஆகஸ்ட் 15-க்கு யாருக்கும் மிட்டாய் கொடுக்கவில்லை. கேட்டதற்கு, இந்த வருஷம் எங்களுக்கு வயசு கூடல்ல என்றார்.

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஆண்டுதோறும் கொடியேற்றுவது அப்பாதான். இந்த வருடம் படிப்பகத்துப் பையன்களுக்கு ஒரு யோசனை. நாட்டின் முக்கியமான கட்டங்களையெல்லாம் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்த வயதில் அப்பாவின் படத்தை வைத்து, பெரிய பிளெக்ஸ் அடிப்பது. தலைப்பு, 'நாட்டோடு பிறந்தவர்'. முதல் கட்டத்துக்கு மட்டும் படம் இல்லை. அப்பாவுக்கு உடனே பொறி தட்டியது. அவருடைய அப்பா, வயல் கணக்கு எழுதும் நோட்டில் மகன் பிறந்ததைக் குறித்து வைத்திருப்பதாகச் சின்ன வயதில் கேள்விப்பட்டிருக்கிறார். ஒருபோதும் பார்த்ததில்லை. அவருக்கு நாலு வயதாகும்போதே அப்பன் போய்விட்டார், போட்டோகூடக் கிடையாது. அந்த எழுத்தைப் பெரிதாக்கி முதல் கட்டத்தில் போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். எனக்கு ஜெராக்ஸ் கடை. சான்றிதழ் திருத்தம், ஆதார் திருத்தம் என்று மனுப் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. தேடி எடுத்து ஸ்கேன் பண்ணும் வேலை என் தலையில் விழுந்தது.

அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவளுடைய அலமாரியைக் குடைந்தேன். கல்யாணப் புடவைக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது அந்த நோட்டு. விதைத்தது, அறுத்தது, உரம் வாங்கியது என்று வரிகள். நடுவே ஒரு வரி. 'கொல்லம் 1123 ஆடி 31, ஞாயிறு உச்சைக்கு, ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.'

எனக்குக் கண் கலங்கியது என்னவோ வாஸ்தவம். ஆனால் தேதி பார்க்கிற புத்தி எங்கே போகும்? நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தது வெள்ளிக்கிழமை. இது ஞாயிறு. போனில் காலண்டரை எடுத்துப் பார்த்தேன். 1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமையேதான். அடுத்த வருடத்துக்குத் தள்ளினேன். 1948 ஆகஸ்ட் 15, ஞாயிறு.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எல்லாக் கணக்கும் கொல்லம் ஆண்டில். அதில் புது வருடம் ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிகிறவரை 824 கூட்டினால் ஆங்கில வருடம் வரும். ஜனவரி முதல் ஆடி முடிகிறவரை 825 கூட்டவேண்டும். அப்பன் இல்லாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போன தாய்மாமன் 824-ஐக் கூட்டிச் சொல்லியிருக்கிறார். ஒன்று குறைந்ததில் அப்பா சுதந்திரத்தோடு பிறந்துவிட்டார்.

முதலில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் தின்ற திட்டுக்கெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுக்கலாம். புளி கூடின கறிக்குப் பதில் கையில் இருக்கிறது. அம்மா வந்ததும் வாசலிலேயே வைத்துச் சொன்னேன். அவள் பையை இறக்கி வைத்தாள், அரிசியை டப்பாவில் கொட்டினாள், பிறகு கதவைச் சாத்தினாள். ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

"பத்திரம் எழுதுறவருக்க மகளாக்கும் நான், இந்தக் கணக்கு தெரியாதா?" என்றாள்.

கல்யாணமான முதல் மாதமே பரணைத் துடைக்கும்போது நோட்டு கையில் கிடைத்ததாம். வாசித்த உடனே கணக்கு விளங்கிவிட்டது. மாப்பிள்ளை அஞ்சு மாசம் மூத்தவன் இல்லை, ஏழு மாசம் இளையவன். பெண்ணுக்கு வயது கூடுதல் என்று தெரிந்தால் மாமியார் அன்றைக்கே பிறந்த வீட்டுக்கு அனுப்பியிருப்பாள். அதனால் ஒளித்தேன் என்றாள். சரி, மாமியார் போயே முப்பது வருடமாயிற்றே, அப்புறம் என்ன என்று கேட்டேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அப்பா உட்கார்ந்திருந்த விதத்தைச் சொன்னாள். ஓலை வீடு, தகப்பன் கிடையாது, சட்டை இரவல். தலையைக் குனிந்தே இருந்தவர், பிறந்த தேதியைக் கேட்டபோது மட்டும் நிமிர்ந்தாராம்.

"அவருக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான் மக்கா. அதையும் நான் பிடுங்கவா?"

எனக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. இத்தனை காலம் மூத்தவன் மூத்தவன் என்று அவர் குதித்தபோது எப்படிப் பொறுத்தாய் என்று கேட்டேன். சின்னப் பையன்தானே, போகட்டும் என்று விட்டேன் என்றாள். பள்ளிக்கூடத் தேதியால் ஒரு வருடம் முந்தியே ரிட்டயராகி வீட்டில் உட்கார்ந்தாரே, அந்த ஒரு வருடம் மட்டும் சொல்லிவிடலாமா என்று தினமும் நாக்கு துடித்ததாம்.

பிளெக்ஸில் அந்த வரியைப் போட்டால் யாராவது ஒருவன் போனைத் தட்டிப் பார்ப்பான். ஆகவே நாங்கள் இரண்டு பேரும் கூடி ஒரு பொய்யைத் தயார் பண்ணினோம். நோட்டைக் கரையான் அரித்துவிட்டது. அப்பாவிடம் நான்தான் சொன்னேன். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், பரணில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். இந்த வயதில், அந்த முட்டியோடு. ஒவ்வொரு காகிதமாக உதறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வரியாவது மிச்சம் இருக்காதா, ஏட்டி? எங்கப்பா எனக்காக எழுதினது அது ஒண்ணுதானே."

எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது. அம்மா கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். எதை விட்டுக்கொடுப்பது, அவருடைய பிறந்த நாளையா, அவருடைய அப்பனின் எழுத்தையா? ரொம்ப நேரம் எடுக்கவில்லை அவள். இறங்குங்க என்றாள். உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை விரலால் தடவித் தடவி வாசித்தார். தாயும் பிள்ளையும் சுகம் என்பதை மட்டும் இரண்டு தரம் சத்தமாக வாசித்தார். பிறகு விரல் பின்னால் போனது. ஞாயிறு என்ற இடத்தில் நின்றது. முப்பது வருடம் ஓடுகிற பஸ்ஸில் மனக்கணக்குப் போட்டவர், அவருக்குக் காலண்டர் தேவைப்படவில்லை.

"ஒனக்கு எப்பந் தெரியும்?" என்று அம்மாவைக் கேட்டார்.

"கல்யாணம் கழிஞ்ச மாசமே."

ஆகஸ்ட் 15-க்கு இரண்டு நாள் இருந்தது. மத்தியானம் கறியில் புளி கூடிப்போனது, ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். நான் பயந்துபோனேன். இந்த வருடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். வேட்டியை இஸ்திரிப் பெட்டி போட்டு வை என்றார்.

அன்று காலையில் படிப்பகத்து முற்றத்தில் பத்தடி உயரத்துக்கு பிளெக்ஸ் நின்றது. 'நாட்டோடு பிறந்தவர்.' முதல் கட்டத்தில் படம் கிடைக்காமல் ஒரு தொட்டிலை வரைந்திருந்தார்கள். ஊர் முழுக்க இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் முன்வரிசையில். அப்பா மைக்கைப் பிடித்தார். நானும் அம்மாவும் பெண்கள் பக்கத்தில் நின்றோம். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள்.

"இந்த பிளெக்ஸில போட்டிருக்கது தப்பு" என்றார் அப்பா. "நான் பொறந்தது அடுத்த வருஷம். நாடு எனக்கு ஒரு வயசு மூத்தது. எனக்க பொண்டாட்டியும் எனக்கு ஏழு மாசம் மூத்தவ. ரெண்டு பேரும் இத்தன நாளு இந்தச் சங்கதிய என்னட்ட சொல்லல்ல."

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. பிறகு முற்றம் முழுக்கச் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. கொடிக்கயிற்றை அவிழ்த்து, பெண்கள் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார். மூத்தவங்க இருக்கும்போது நான் ஏத்துறது மரியாதை இல்ல என்று மைக்கிலேயே சொன்னார்.

அம்மா என் பின்னால் ஒளியப் பார்த்தாள். நான்தான் தள்ளிவிட்டேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்க் கயிற்றை வாங்கினாள். பழக்கமில்லாத கை, பாதியில் சிக்கியது. அப்பா கிட்டே போய், எந்தப் பக்கம் சுண்டவேண்டும் என்று காட்டிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். கொடி விரிந்து பூ கொட்டியது, பாதி அவள் தலையில். அப்பா நிமிர்ந்து சல்யூட் அடித்தார். இத்தனை வருடத்தில் அவர் அப்படி நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது அவர் முன்னால் விறுவிறுவென்று நடந்தார். கல்லும் குழியுமான பாதை, அவருக்கு முட்டி வேறு சரியில்லை. அம்மா வேகமாக எட்டி வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை 'இஞ்ச பாருங்க' என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டறியாதவள். தலையிலிருந்த பூவைத் தட்டிவிட்டு, எனக்குக்கூடக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலத் தணிந்த குரலில் கூப்பிட்டாள்.

"ஏலே, மெதுவா நட. விழுந்திராத."

அப்பா நின்றார். திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு, சொன்ன பேச்சைக் கேட்கிற சின்னப் பையனாக, மெதுவாக நடந்தார்.